பதினான்கு மில்லிமீட்டர்

"தாடை மட்டுமா?" கறிக்கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டுத் துலுக்காணத்தை ஏற இறங்கப் பார்த்தார். "மூளை கேப்பாங்க, நாக்கு கேப்பாங்க, காலு கேப்பாங்க. இத்தினி வருசமா கடை வெச்சிக்கினு கீறேன், தாடையக் கேட்ட மொத பார்ட்டி நீதான்யா."

"எங்க மேடத்துக்குப் பல்லு கட்டணும். மொதல்ல ஆட்டுக்குக் கட்டிப் பாக்கறோம். ஆடு கம்ப்ளெய்ண்ட் ஒன்னும் பண்ணலன்னா அப்புறம் இவங்களுக்கு."

கடைக்காரர் பத்மினியின் பக்கம் பரிதாபமாகத் திரும்பினார். பத்மினி முகத்தில் ஈ உட்கார்ந்தால்கூடச் சிரிக்கமாட்டாள் என்பது துலுக்காணத்துக்குத் தெரியும். அதனால்தான் அவள் எதிரில் அவனுக்கு நாக்கு இரண்டு முழம் நீளும்.

பத்மினி சித்தூரில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் கிளெய்ம்களைத் துருவிக்கொண்டிருந்தவள். செத்ததாகச் சொன்ன மாட்டை அடுத்த ஊர்ச் சந்தையில் உயிரோடு பிடித்துக் கொண்டுவந்தவள் என்று பேர். கணவன் போன பிறகு திருப்பதிக்கு வந்து, ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் விசாரணை ஆபீஸ் போட்டாள். துலுக்காணம் நகரியில் பவர்லூம் ஓட்டியவன். தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்ட முதலாளி, 'பட்டணம் போய்ப் பிழைச்சிக்கோ' என்று சொல்லிவிட்டார். பட்டணம் என்று அவனுக்கு வாய்த்தது பத்மினி ஆபீஸும் ஒரு பழைய பைக்கும்.

தாடை பொட்டலமாயிற்று. பைக் கிளம்பியது. ஆந்திர மாநிலத்தைப் பிரிக்கக்கூடாது என்று ஊரே பந்த் நடத்திக்கொண்டிருந்த சமயம். அரசு பஸ் ஒன்று ஓடவில்லை. சாலை காலியாகக் கிடந்தது.

கேஸ் இதுதான். நாகலாபுரத்துப் பச்சையம்மாளுக்குக் கீழ்த்தாடையில் ஒரு பல்கூடக் கிடையாது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன் பிரவீன், எலும்பில் திருகாணி இறக்கி அம்மாவுக்கு அசையாத பல்லாக வையுங்கள் என்று திருப்பதி பல் டாக்டர் கிரண்குமாரிடம் சொன்னான். டாக்டர் முதலில் த்ரீ-டி ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார். அந்தப் படத்தைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுத் தானே அளந்தார். எலும்பின் மேல்விளிம்பிலிருந்து, உள்ளே ஓடும் நரம்பு வரை பதினான்கு மில்லிமீட்டர். இரண்டைப் பத்திரத்துக்கு விட்டுவிட்டுப் பன்னிரண்டு மில்லிமீட்டர் திருகாணியை இறக்கினார். அது போய் நரம்பின் மேலேயே உட்கார்ந்தது. திருகாணியைத் திரும்ப எடுத்தாயிற்று. மரத்துப் போன உதடும் மோவாயும் மரத்தபடியேதான் இருக்கின்றன.

டாக்டர் ஸ்கேனைக் கைகாட்டினார். ஸ்கேன் சென்டர் முதலாளி வேதாச்சலம், படம் எடுத்த ரூபாவைக் கைகாட்டினார். பச்சையம்மாளின் வீட்டுக்காரர் முனியப்பன் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தார், அதில் ரூபா பேர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. ரூபாவுக்குக் குவைத் ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை சென்னையில் விமானம். புகாரை வாபஸ் வாங்கினால்தான் பாஸ்போர்ட்டைக் கையில் தருவேன் என்கிறார் எஸ்.ஐ. வெள்ளி தவறினால் அந்த வேலை வேறு யாருக்கோ. அவள் பத்மினியிடம் ஓடிவந்தாள். இன்றைக்குப் புதன்.

"மேடம்," பைக்கை ஓட்டிக்கொண்டே துலுக்காணம் கேட்டான், "ஆட்ட வெச்சி இன்னா கண்டுபுடிக்கப் போறீங்க?"

"மெஷின் பொய் சொல்லுதா இல்லையான்னு."

"பொய் சொன்னா?"

"ரூபா குவைத் போவா."

"சொல்லலன்னா?"

பத்மினி தாடைப் பொட்டலத்தை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். அந்தக் கேள்விதான் அவளுக்கும் ராத்திரியெல்லாம் உறுத்திக்கொண்டிருந்தது.

*

ஸ்கேன் சென்டரில் ரூபா வெறும் வயிற்றோடு நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருந்தாலும் வேலை என்றதும் கை தானாக ஓடியது. ஆட்டுத் தாடையைப் பஞ்சு சுற்றி, மோவாய் வைக்கும் தட்டில் அசையாமல் கட்டினாள். கம்ப்யூட்டரில் பேஷண்ட் பேர் போடாமல் மெஷின் நகராது.

"பேரு?" என்றாள் பழக்கத்தில்.

"ஆடு. இனிஷியல் வேணும்னா ஒன்னு போட்டுக்கோ," என்றான் துலுக்காணம்.

"வயசு?"

"இனிமே ஏறாது."

ரூபாவுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. மெஷினின் கை தாடையை ஒருமுறை சுற்றி வந்தது. திரையில் ஆட்டின் எலும்பு, கண்ணாடிக்குள் வைத்ததுபோல் வந்து நின்றது. பத்மினி மூன்று இடங்களைக் காட்ட, ரூபா கோடு இழுத்து அளந்தாள். பிறகு துலுக்காணம் கொல்லைப்பக்கம் போய், அதே மூன்று இடத்தில் ரம்பம் போட்டு அறுத்தான். லேத்துப் பட்டறையில் இரவல் வாங்கி வந்த வெர்னியர் அளவுகோலைப் பத்மினி எலும்பின்மேல் வைத்தாள்.

முதல் இடம், ஸ்கேன் 19.6. வெர்னியர் 19.8. மற்ற இரண்டிலும் அப்படியே. மயிரிழை வித்தியாசம், அதுவும் ஸ்கேன் குறைத்தே சொன்னது.

"அடப்பாவி, யோக்கியமான மெஷினா இருக்குதே," என்றான் துலுக்காணம்.

"பாத்தீங்களா!" பின்னாலிருந்து குரல். முதலாளி வேதாச்சலம், முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். "நான்தான் அன்னைக்கே சொன்னனே மேடம். மெஷின் ஜெர்மனி. பொண்ணு நகரி. தப்பு எங்கன்னு இப்பத் தெரியுதா?"

மெஷினின் யோக்கியதையைச் சோதிக்க வந்து, பெண்ணை இன்னும் ஒரு சாண் ஆழத்தில் புதைத்தாயிற்று.

"சார் சொல்றது சரிதான்," என்றாள் பத்மினி நிதானமாக. "மெஷின் சரி. ஆனா அது குறைச்சுச் சொல்ற மெஷின். எலும்பு பதினாலு இருந்தா பதிமூணே முக்கால்னு சொல்லும். அந்தப் பக்கம் தப்பினா நரம்புக்கு நல்லதுதானே? கூட்டிச் சொன்னாத்தானே குத்தும்?"

"அப்போ தலைய சாய்ச்சு ஒக்கார வெச்சிருப்பா. சாஞ்சா அளவு நீளும். டாக்டரே சொன்னாரு. ஏம்மா, சாஞ்சா நீளுமா நீளாதா?"

"நீளும் சார்," என்றாள் ரூபா மெல்ல. பிறகு பத்மினியிடம், "வெண்டைக்காய நேரா நறுக்குனா சின்ன வட்டம், சாய்ச்சு நறுக்குனா நீட்டா வரும் இல்லீங்களா, அதுமாரி. ஆனா நா சாய்க்கல மேடம். அந்தம்மா தாடைய நானே புடிச்சி நேரா வெச்சேன். படத்துல பாருங்க."

பழைய படத்தைத் திரையில் கொண்டுவந்தாள். கீழே மோவாய், மேலே பாதி மூக்கு வரை. நடுக்கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. நேற்று டாக்டரின் கம்ப்யூட்டரில் பத்மினியே உட்கார்ந்து பார்த்ததும் இதைத்தான். அவர் இழுத்த கோடும் சரி. இங்கே இழுத்தாலும் அதே பதினான்கு.

மெஷின் சரி. தலை நேர். டாக்டரின் அளவும் சரி. ஆனால் திருகாணி நரம்பில்.

"நாலும் நாலும் எட்டுன்னு எல்லாரும் கரெக்டா கூட்டிட்டாங்க," என்றான் துலுக்காணம். "கடைசில பாத்தா ஒம்போது வருது."

வேதாச்சலம் வெற்றிச் சிரிப்போடு போன் பேச வெளியே போனார்.

"ரூபா, என்னை ஒரு தடவை ஒக்கார வெச்சுக் காட்டு," என்றாள் பத்மினி. "அந்தம்மாவ எப்படி ஒக்கார வெச்சியோ அப்படியே. மெஷினை ஓட்ட வேண்டாம்."

ரூபா சுவரிலிருந்த போர்டை ஒப்பித்தாள். "மூக்குத்தி, கம்மல், செயின், தாலிச் சரடு, கொண்டை ஊசி, எல்லாத்தையும் கழட்டி இந்த டப்பால..." சொல்லிக்கொண்டே பத்மினியைப் பார்த்தவள் சட்டென்று நிறுத்தினாள். பத்மினியின் காதில் ஒன்றுமில்லை. மூக்கில் ஒன்றுமில்லை. கழுத்து வெறிச்சென்றிருந்தது. கணவன் செத்த அன்றைக்கு உறவுக்காரப் பெண்கள் கழற்றிவிட்டார்கள்; மறுபடி எடுத்து மாட்டிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. யாராவது கேட்டால் சோம்பல் என்பாள்.

"ஸாரி மேடம்."

"எதுக்கு ஸாரி? வேலை சுளுவுதானே?"

"ஆமா மேடம்," ரூபா சமாளித்தாள். "பெரியம்மாங்க வந்தா இங்க ஒரு யுத்தமே நடக்கும். மூக்குத்தி மரைய கழட்ட முடியாது, தாலிய கழட்ட மாட்டேன்னு அழுவாங்க. ஒருத்தருக்கே அரைமணி ஆவும். நீங்க பரவால்ல. அந்தம்மாவும் உங்களாட்டந்தான். வந்தாங்க, ஒக்காந்தாங்க, போனாங்க."

பத்மினி மோவாயைத் தட்டில் வைத்தபடியே இருந்தாள். ஆனால் கண் மட்டும் திரைக்குப் போனது.

"அந்தம்மா டப்பாவுல என்ன கழட்டி வெச்சாங்க?"

"ஒன்னும் வெக்கல மேடம். போட்டுக்கினே வரல."

"கூட யாராவது?"

"உள்ள ஒருத்தங்கதான் வந்தாங்க. பேரக் கூப்டேன், எந்திரிச்சாங்க."

"மூக்குத்தியோட எடுத்திருந்தா படத்துல எப்படித் தெரியும்?"

"பளிச்சுனு வெடிச்சி, நாலா பக்கமும் கீறல் கீறலா வந்துடும். இதுல ஒரு கீறல் கூடக் கெடையாது, பாருங்க."

பத்மினி எழுந்தாள். தாடையைத் தடவிக்கொண்டாள். "துலுக்காணம், வண்டிய எடு. நாகலாபுரம்."

"அந்தம்மாவ அறுத்து அளக்கப் போறமா மேடம்?"

"ரம்பம் வேண்டாம். சும்மா வா."

*

வடமாலபேட்டையில் சாலை நடுவே டயர் கொளுத்தி வைத்திருந்தார்கள். துலுக்காணம் தெலுங்கில் நாலு வார்த்தை பேசி, 'ஆஸ்பத்திரி கேஸு அண்ணா' என்று பத்மினியைக் காட்ட, அவள் முகமும் அதற்கேற்ற மாதிரியே இருந்ததால் வழி விட்டார்கள்.

முனியப்பனின் வீடு பார்த்தவுடன் தெரிந்தது. தெருவில் அதற்கு மட்டும்தான் மாடியில் கண்ணாடிச் சன்னல். அவருடைய அப்பன் பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். முனியப்பன் இரண்டு ஏக்கர் வாங்கி வேர்க்கடலை போட்டார். மகன் டாலரில் மாடி எழுப்பினான். கூடத்தில் பச்சையம்மாள் உட்கார்ந்திருந்தாள். காபி குடித்துக்கொண்டிருந்தாள் என்பது தப்பு. காபி அவள் உதட்டோரமாக வழிந்து மடியில் சொட்டிக்கொண்டிருந்தது, அது அவளுக்குத் தெரியவில்லை. கீழுதட்டில் சூடு பட்டுக் கொப்புளம் போட்டிருந்தது. சூடு உறைக்காத உதடு. குற்றவாளியைத் தேடி வந்த இடத்தில் முதலில் கண்ணில் படுவது எப்போதுமே வேதனைதான்.

அப்புறம் அந்த மூக்கைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கல் பதித்த மூக்குத்தி, தோலோடு தோலாகப் பதிந்துபோய். காதில் கம்மல். கழுத்தில் மஞ்சள் கயிறும் கனமான சங்கிலியும்.

"போலீஸா?" என்றார் முனியப்பன்.

"இல்லீங்கய்யா. இந்தக் கேஸை விசாரிக்கிறேன். அம்மாவுக்கு நஷ்ட ஈடு நிக்கணும்னா இன்னொரு தடவை அதே மாதிரி ஸ்கேன் எடுக்கணும். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துல வெச்சாத்தான் அந்தப் பொண்ணோட தப்பு ருசுவாகும்."

"எடுத்துடலாம். ஏன்டி?" என்றார் முனியப்பன். "நாளைக்கே போய்ட்டு வந்துடலாம். பிரவீனு கார் சும்மாத்தான கீது?"

"அம்மாவுக்குத் தெரியுமே," பத்மினி குரலை மாற்றவில்லை. "மூக்குத்தி, கம்மல், தாலி எல்லாம் கழட்டி டப்பாவுல போடணும். போன தடவை மாதிரியேதான்."

பச்சையம்மாளின் கை தாலியைப் போய்ப் பிடித்தது. அவள் புருஷனைப் பார்க்கவில்லை. பத்மினியைப் பார்க்கவில்லை. அவள் தலை நேராக அடுப்படிப் பக்கம் திரும்பியது.

"கன்னீ!" என்று கூப்பிட்டாள். மரத்த உதட்டில் எழுத்துகள் குழைந்தன. "நாளைக்கித் திருப்பதி போவணுமாம். நல்ல பொடவையா ஒன்னு எடுத்து வெய்யி!"

அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்தபடி ஒருத்தி வந்து நின்றாள். பச்சையம்மாளுக்கு இரண்டு மூன்று வயது இளையவளாக இருக்கலாம். நெற்றியில் பொட்டில்லை. மூக்கில் இரண்டு ஓட்டை மட்டும். கீழ்வரிசையில் பல்லே இல்லை என்பது அவள் வாயை மூடியிருந்த விதத்திலேயே தெரிந்தது.

துலுக்காணம் அந்த மூக்கையும் பச்சையம்மாளின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இவங்க?" என்றாள் பத்மினி.

"என் தம்பி பொஞ்சாதி, கன்னியம்மா," என்றார் முனியப்பன். "தம்பி செத்துப் பூட்டான். இங்கயேதான் கீறா. ஏன், இவளுக்கு இன்னா வேல திருப்பதில?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்யா. ஸ்கேன் அம்மாவுக்கு. பொடவை எதுக்குக் கன்னியம்மா மாத்தணும்?" பத்மினி பச்சையம்மாளின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "போன தடவையும் இவங்கதானே போய் ஒக்காந்தாங்க?"

பச்சையம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். அழப்போகிறாள் என்று பத்மினி நினைத்தாள். அவளுக்கு வந்தது ஆத்திரம்.

"ஒக்காந்தா இன்னா? போர்டுல எழுதி வெச்சிருந்தான், தாலிய கழட்டுன்னு. இவரு உசுரோட கீறச்சொல்லோ நா எதுக்குக் கழட்டணும்? நெஞ்சு வலின்னு அப்பத்தான் ஆஸ்பத்திரில இருந்து வந்தாரு. இந்த மூக்குத்தி ஏறி நாப்பது வருசம் ஆவுது, ஒரு நாளு எறங்குனது கெடையாது. நா கார்லயே குந்திக்கினேன். இவ போயி எடுத்துக்கினு வந்தா. இவளுக்குக் கழட்ட ஒன்னுமில்ல."

"அம்மா, அது உங்க தாடைய அளக்கற படம். அவங்க எலும்பு அளவுக்கு உங்க எலும்புல திருகாணி எறக்கிட்டாங்க."

"தாடைன்னா தாடதான? ரெண்டு பேரும் ஒரே ஊட்டு சோறுதான் துன்றோம். அவளுக்கும் பல்லு கெடையாது, எனக்கும் கெடையாது. இல்லாத பல்லுல இன்னாம்மா வித்தியாசம்?"

துலுக்காணம் பத்மினியின் காதருகே குனிந்தான். "மேடம், ஒம்போது எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சிபோச்சு. கூட்டினதுல ஒரு நாலு வேற ஆளோடது." சொன்ன பிறகு அவனுக்கே அது சிரிப்பாக இல்லை.

முனியப்பன் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இது வெளிய போவக்கூடாது," என்றார். "என் புள்ள டல்லாஸ்ல நாலு பேருக்கு மதிப்பா கீறான்."

*

கொல்லைக் குழாயடியில் கன்னியம்மாள் காபித் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். பத்மினி பக்கத்தில் போய் நின்றாள். வார்த்தையை ஜோடித்துப் பேச அவளுக்கு வெட்கமாக இருந்தது; நேராகவே சொன்னாள்.

"நீங்க நாளைக்கு வந்து அந்த மெஷின்ல ஒக்காந்தா, பழைய படம் உங்களதுன்னு நிரூபணம் ஆயிடும். அந்தப் பொண்ணு தப்பிச்சிடும். நீங்க வரலன்னா ஒருத்தரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது."

"வந்தா எனக்கு இந்த ஊட்ல சோறு கெடையாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினா கேக்கற?"

"கேக்கறது தப்புதான். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

கன்னியம்மாள் பத்மினியின் கழுத்தைப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"அக்காகிட்ட சொன்னேன் நானு. எம் பேரக் கேட்டா இன்னா சொல்றதுன்னு. பேரா கேக்கப் போறாங்க, கூப்டா எந்திரின்னா. அந்தப் பொண்ணு கூப்டுச்சி, எந்திரிச்சேன்." குழாயை மூடினாள். "அந்தப் பொண்ணு பேரு இன்னா?"

"ரூபா."

"தாடையப் புடிச்சி மெதுவா நேரா வெச்சுது. வலிக்குதா ஆயான்னுச்சு. இந்த மூஞ்ச யாரும் தொட்டு எவ்ளோ காலமாச்சு." அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "வரேன். காலைல கார்லயே வரேன். நா போறேன்னா அவங்களும் கூட வராம இருக்க முடியாது. தனியா போயி அங்க இன்னா சொல்லிடுவனோன்னு பயம் இருக்கும்."

*

வியாழக்கிழமை ஸ்கேன் சென்டரில் நாற்காலி போதவில்லை. முனியப்பன், பச்சையம்மாள், வேதாச்சலம், டாக்டர் கிரண்குமார். போதாததற்கு மேஜைமேல் ஸ்பீக்கர் போனில் டல்லாஸிலிருந்து பிரவீன். கன்னியம்மாள் ஒருத்திதான் நிற்காமலும் தேடாமலும் தனக்கென்று ஒரு இடம் வைத்திருந்தாள், மெஷினுக்குள். ரூபா அவள் தாடையை நேராக வைத்தாள்.

புதுப் படம் வந்தது. டாக்டர் பழையதை அதன்மேல் ஏற்றினார். எலும்பின் மேடும் பள்ளமும், நரம்பின் வளைவும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தன. கோடு இழுத்தார். பதினான்கு.

"கரெக்ட்," என்றார் டாக்டர். நெஞ்சிலிருந்த கல் இறங்கியது குரலிலேயே தெரிந்தது. "சேம் பேஷண்ட். என் அளவுல தப்பு லேது."

"என் மெஷின்லயும் தப்பு இல்ல," என்றார் வேதாச்சலம்.

போன் கரகரத்தது. "அப்போ சின்னம்மாவா? ஏன் நைனா, அவங்களுக்கு எதுக்கு இந்த வேல? அம்மா உதடு போச்சே நைனா!"

"அவளாத்தான் போய்க் குந்திக்கினா," என்றாள் பச்சையம்மாள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நா சொல்லல."

பத்மினி திரும்பினாள். "நேத்து உங்க வாயாலயே சொன்னீங்க."

"நேத்து எனக்கு ஜொரம். வாயே எனக்கு இல்ல, நா இன்னாத்த சொன்னேன்?"

அடுத்த காரியங்கள் மளமளவென்று நடந்தன. ஒரு வாரம் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்துகொண்டிருந்தவர்கள், அரைமணியில் அண்ணன் தம்பியாகிவிட்டார்கள். வேதாச்சலம் வெள்ளைத்தாளை எடுத்துத் தெலுங்கில் எழுதத் தொடங்கினார். புகார் வாபஸ். காரணம்: முனியப்பனின் தம்பி மனைவி கன்னியம்மாள் தானாகவே பச்சையம்மாள் பேரில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு குடும்பத்தையும் டாக்டரையும் ஏமாற்றிவிட்டார்.

"தானாகவேன்னு போடாதீங்க," என்றாள் பத்மினி.

"வேற எப்படிப் போடறது மேடம்?" வேதாச்சலம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிஜமான அக்கறையோடு கேட்டார். "பெரியம்மா அனுப்பினாங்கன்னு எழுதினா அவங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவாரா? போடலன்னா வாபஸ் கெடையாது. வாபஸ் இல்லன்னா நாளைக்குப் பொண்ணு ஏரோப்ளேன் ஏறாது. நீங்க யாருக்காக வந்தீங்க, அதைப் பாருங்க."

பத்மினி ரூபாவைப் பார்த்தாள். அந்தப் பெண் வாயைத் திறந்தால் போதும், 'அப்படி வேண்டாம்' என்று ஒரு வார்த்தை. தானும் அவளோடு நின்று எஸ்.ஐ.யிடம் போய்க் கத்தலாம். ரூபா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதுமடல் சிவந்து போயிருந்தது. அவள்மேல் கோபம் வரவில்லை பத்மினிக்கு. நாளைக்கு விமானம் இருப்பவள் அவள். இங்கேயே கிடந்து கத்தப் பத்மினியால் முடியும். கத்தி, உண்மையை முழுசாக ஜெயித்து, அந்தப் பெண்ணின் வேலையைத் தோற்கலாம்.

அவளும் வாயை மூடிக்கொண்டாள். பொய் கிளெய்ம்களைப் பிடித்த காலத்தில் ஒரு பொய்க்குக்கூட இப்படிச் சாட்சியாக நின்றதில்லை.

தாளைக் கன்னியம்மாளிடம் நீட்டினார்கள். துலுக்காணம் பாய்ந்து வந்தான். "ஆயா, இதுல இன்னா எழுதிக் கீதுன்னு தெரியுமா உனக்கு?"

"நா படிச்சது தமிழு இஸ்கூலுப்பா. தெலுகு படிக்கத் தெரியாது. அவங்க பேசுனது காதுல உழுந்துச்சி." அவள் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் தன் பேரைப் போட்டாள். இந்த வழக்கில் அவள் தன் சொந்தப் பேரைச் சொன்ன முதல் இடம் அதுதான்.

முனியப்பன் கீழே தன் கையெழுத்தையும் போட்டுவிட்டு, அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார். "துணிமணி இருந்தா யார்கிட்டயாச்சும் குடுத்தனுப்பறேன்."

வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ரூபா தாளை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள். ஓடும்போது வாசலில் ஒரு நொடி நின்றாள், திரும்பவில்லை.

கன்னியம்மாள் மெஷின் பக்கத்து ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். நாயுடுபேட்டையில் தங்கை மகள் ஒருத்தி இருக்கிறாள், சேர்த்துக்கொள்வாளோ மாட்டாளோ என்றாள். பஸ் ஓடவில்லையே, நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றான் துலுக்காணம்.

டாக்டர் கிரண்குமார் மட்டும் இன்னும் திரையை விட்டு நகரவில்லை. அந்த எலும்பை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி ரசித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. நல்ல எலும்பைக் கண்டால் சந்தோஷப்படுகிறவர்.

"ஏமம்மா, எந்த பாகுந்தி, எவ்ளோ நல்லா இருக்கு தெலுசா மீ எலும்பு?" என்றார், தெலுங்கும் தமிழும் கலந்து. "ஃபர்ஸ்ட் கிளாஸ்! பதினாலு மில்லிமீட்டர், இந்த வயசுல யாருக்கு இருக்கு? நியாயமா பல்லு உங்களுக்குத்தான் வெச்சிருக்கணும். இரும்பையே கடிக்கலாம்."

கன்னியம்மாள் முதன்முறையாகத் திரையைப் பார்த்தாள். தன் தாடை அவ்வளவு வெள்ளையாக அங்கே தொங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பல்லு இருக்கட்டும் சாரு," என்றாள். "துன்றதுக்கு இன்னா தரப்போற?"